பயந்த நாய்க்கு எந்த வீடு?

சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் நாய்த் தத்தெடுப்பு முகாம்களில் குட்டிகளுக்குத்தான் கிராக்கி. மதியத்துக்குள் பாதிக்கு மேல் யாராவது ஒருவரின் தோளில் ஏறிப் போய்விடும். மிஞ்சுவது ஓரக் கூண்டில் முதுகைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருக்கும் வளர்ந்த நாய். தொட்டால் நகராது. தூக்கினால் திமிறாது. சிறுவன் ஒருவன் காதைப் பிடித்து இழுத்தாலும் பல்லைக் காட்டாது. "எவ்வளவு அமைதி பாருங்கள், வீட்டில் இருப்பதே தெரியாது" என்கிறார் தன்னார்வலர். இரக்கப்பட்ட ஒரு குடும்பம் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறது. இரண்டாம் நாள் தொலைபேசி வருகிறது: பால்காரருக்குக் கேட்டைத் திறந்த நேரத்தில் நாய் ஓடிவிட்டது.

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. ஆனாலும் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. காரணம், அந்த நாய் அமைதியாக இருப்பதாக எல்லோரும் நினைத்தார்கள். அது உறைந்துபோயிருந்தது. அச்சம் எல்லை மீறினால் ஒரு நாய் ஓடப் பார்க்கும், அல்லது கடிக்கப் பார்க்கும், இரண்டுக்கும் வழியில்லாதபோது அசையாமல் கிடக்கும். கூண்டுக்குள் மூன்றாவதுதான் வாய்க்கிறது. அருகே குந்தி உட்கார்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியும். கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறையாகத் தெரியும். காதுகள் பின்னோக்கி மண்டையோடு ஒட்டியிருக்கும். கோழி ஈரலை மூக்கருகே வைத்தாலும் வாய் திறக்காது. ஆனால் நாக்கு மட்டும் மூக்கை அடிக்கடி நக்கிக்கொண்டே இருக்கும். நிழலில் இருக்கும்போதே மூச்சிரைக்கும். எழுந்து நடந்தால் வியர்த்த பாதங்களின் ஈரத் தடம் தரையில் பதியும். நிம்மதியாகக் கிடக்கும் நாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து இடுப்பைத் தளர்த்தியிருக்கும். இது நான்கு கால்களையும் அடியில் மடக்கி, எந்த நொடியும் எழத் தயாராக இருக்கும்.

இத்தகைய நாய்க்கு வீடு தேடும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "இவர்களுக்கு நாய் என்றால் உயிரா?" என்பதை. அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. நாய் என்றால் உயிரை விடுபவர்கள்தாம் முதல் நாளே கட்டிலுக்கு அடியில் கையை நீட்டுவார்கள். வீட்டுக்கு எத்தனை கதவு, நாளொன்றுக்கு எத்தனை பேர் வந்துபோகிறார்கள், ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறதா, மூன்று மாதம் தன்னை ஏறெடுத்தும் பார்க்காத ஒரு பிராணிக்குச் சலிக்காமல் சோறு வைப்பார்களா என்பவைதாம் பலனைத் தீர்மானிக்கின்றன.

அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது இன்னும் தெளிவாகும். அடிபட்டதால்தான் நாய் பயப்படுகிறது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். சில நாய்கள் விஷயத்தில் அது உண்மை. ஆனால் பெரும்பாலும் நடந்த கொடுமையைவிட நடக்காமல் போன பழக்கம்தான் காரணம். 1961இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவரும் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். உயரமான வேலி போட்ட திறந்தவெளியில், மனிதர் வாடையே படாமல் குட்டிகளை வளர்த்தார்கள். சிலவற்றை 2ஆம் வாரத்தில், சிலவற்றை 3, 5, 7, 9ஆம் வாரங்களில் வெளியே எடுத்து ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டுத் திரும்ப அனுப்பினார்கள். 14ஆம் வாரம்வரை மனிதரையே பார்க்காத குட்டிகள் பிறகு எவ்வளவு முயன்றும் காட்டு விலங்குபோல விலகியே நின்றன. 7ஆம் வாரத்தையொட்டிப் பழகியவை எளிதில் ஒட்டிக்கொண்டன. பிறந்த 3ஆம் வாரம் தொடங்கி ஏறத்தாழ 12 முதல் 14ஆம் வாரம்வரையிலான காலத்தில் நாய்க்குட்டி எதைப் பார்க்கிறதோ அது அதன் உலகமாகிறது, பார்க்காதது ஆபத்தாகிறது என்பது இன்று நாய் நடத்தையியலின் அடிப்படைப் பாடம்.

நம் ஊர்த் தெருவுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். டீக்கடைப் பலகையின் அடியில் பிறந்த குட்டி இரண்டு மாதத்துக்குள் ஆயிரம் கால்களைப் பார்த்துவிடுகிறது. செருப்பு, ஸ்கூட்டர், கொதிக்கும் பாய்லரின் சத்தம், பிஸ்கட் உடைத்துப் போடும் கை எல்லாம் அதற்கு அத்துப்படி. அதே தெருவில், பூட்டிக் கிடக்கும் காலி மனைக்குள் சீமைக்கருவேலப் புதரில் பிறந்த குட்டி அம்மாவையும் கூடப்பிறந்தவற்றையும் தவிர எதையும் அறியாது. நான்காம் மாதத்தில் சுவரேறி வெளியே வரும்போது பழகும் காலத்தின் கதவு மூடிவிட்டிருக்கும். இரண்டையும் யாரும் அடித்ததில்லை. ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது, மற்றொன்று மனித நிழலைக் கண்டால் சாக்கடைக் குழாய்க்குள் ஒளிகிறது.

பிறவிக் குணமும் இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் பாயிண்டர் இன நாய்களில் அஞ்சும் வம்சம், அஞ்சாத வம்சம் என்று இரண்டைத் தனித்தனியே பெருக்கி ஆராய்ந்தார்கள். அஞ்சும் பெற்றோருக்குப் பிறந்தவை நல்ல கவனிப்பில் வளர்ந்தும் மனிதரைக் கண்டால் விறைத்து நின்றன.

மூன்றாவது காரணத்தைப் பலர் மறந்தே போகிறார்கள்: உடம்பு. சென்னை போன்ற வெப்பமான ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். சோர்ந்து மூலையில் கிடக்கும் நாயைக் கூச்ச சுபாவம் என்று நினைத்துவிட்டு, இரத்தப் பரிசோதனை செய்து மருந்து கொடுத்ததும் அது வீட்டையே ரகளை செய்யும் நாயாக மாறிய நிகழ்வுகள் மீட்புப் பணியில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. இடுப்பெலும்பு முறிந்து தானாகக் கூடிய நாய் தொட்டால் சுருங்குவது அச்சத்தால் மட்டும் இல்லை, வலியாலும்தான். ஆகவே வீடு தேடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது முதல் வேலை. இரத்தப் பரிசோதனைத் தாளோடு வரும் நாயைத் தத்து எடுப்பவர்களும் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கையோடு பார்ப்பார்கள்.

காப்பகத்தில் பார்க்கும் நாய் வீட்டில் இருக்கப்போகும் நாய் அல்ல. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஹென்னஸி என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்கு வந்த முதல் 3 நாட்களில் நாய்களின் இரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் மிக உயர்ந்திருந்தது. 2019இல் அமெரிக்காவின் 5 காப்பகங்களில் நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. நாய்களை ஓரிரு இரவு மட்டும் யாராவது ஒருவர் வீட்டில் தங்கவைத்தபோது கார்டிசால் இறங்கியது, காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே ஏறியது. அதாவது ஓய்வு என்பது கூண்டில் கிடைக்காத சரக்கு. நூறு நாய்கள் குரைக்கும் கொட்டகையில் வைத்து ஒரு பயந்த நாயின் குணத்தைக் கணிப்பது, கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டு ஒருவரின் தூக்கத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்வதற்குச் சமம்.

அதனால்தான் கூச்ச நாய்களுக்குத் தற்காலிகப் பராமரிப்பு வீடு இவ்வளவு பயன்படுகிறது. ஒரு மாதமாவது சாதாரண வீட்டில் இருந்தால்தான் அது என்ன செய்யும், எதற்கு அஞ்சும் என்று எழுத முடியும். காதில் கருத்தடை அடையாள வெட்டோடு வந்த பழுப்புப் பெண் நாய் ஒன்றை அப்படிக் கவனித்திருக்கிறேன். வந்த புதிதில் சாப்பாட்டு மேஜையின் அடியிலேயே கிடந்தது. ஆள் இருக்கும்வரை தட்டைத் தொடாது. விளக்கை அணைத்து எல்லோரும் படுத்த பின் தட்டு நகரும் சத்தம் கேட்கும். குக்கர் விசிலுக்கு நடுங்கியது, மிக்ஸியைப் பொருட்படுத்தவில்லை. பெண்கள் நடந்துபோனால் தலை மட்டும் திரும்பும். ஹெல்மெட்டோடு ஆண்கள் உள்ளே வந்தால் சிறுநீர் கழித்துவிடும். அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்த கிழட்டு லாப்ரடார் சோபாவில் ஏறினால், சற்றுப் பொறுத்து இதுவும் மேஜைக்கு வெளியே ஒரு கால் வைக்கும். இந்த நான்கைந்து தகவல்கள் ஐம்பது அழகான புகைப்படங்களைவிட அதற்கு உதவின. அதன் அடுத்த வீட்டில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்பதை அவையே சொல்லிவிட்டன.

வீட்டைத் தேடுவதற்கு முன் சங்கடமான ஒரு கேள்வி இருக்கிறது. இந்த நாய்க்கு வீடு வேண்டுமா? தெருவில் பிறந்து, அதே தெருவில் ஐந்தாறு ஆண்டு வாழ்ந்து, சோறு வைக்கும் இரண்டு பேரைத் தவிர யாரிடமும் வராத நாயைச் சுவருக்குள் அடைப்பது அதற்கு உதவியாக இருக்கும் என்று எப்போதும் சொல்ல முடியாது. சட்டத்தின் போக்கும் அப்படித்தான். சென்னையின் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் 1964 முதல் வலியுறுத்திவந்த வழியைச் சென்னை மாநகராட்சி 1996இல் ஏற்று, நாய்களைப் பிடித்துக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறியது. ஒன்றிய அரசின் 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. விபத்தில் சிக்கிச் சிகிச்சை பெறும் நாய் கூண்டில் ஒடுங்கிக் கிடப்பதைப் பார்த்து, 'பாவம், இது வீட்டுக்கு ஏங்குகிறது' என்று நினைப்பது எளிது. பல நேரம் அது ஏங்குவது தன் தெருமுனைக்கு. குணமானதும் அங்கே கொண்டுவிட்டால் வால் நிமிர்ந்துவிடும்.

ஆனால் இந்த வழி இப்போது எல்லா நாய்க்கும் திறந்திருக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, வெறிநோய் அறிகுறியோ மூர்க்கமோ உள்ள நாய்களைத் தவிர மற்றவற்றைப் பழைய இடத்தில் விடலாம் என்றது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று வந்த உத்தரவு, பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகியவற்றில் பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது என்று சொன்னது. வளாக நாய்கள் பெரும்பாலும் மனிதரோடு இருந்தும் வீட்டுக்குள் இருந்து பழகாதவை. ஆயிரம் மாணவர்கள் நடுவே வால் ஆட்டிய நாய், நான்கு சுவரும் மின்விசிறியும் உள்ள அறையில் நடுங்கும். கூச்ச நாய்க்கு வீடு தேடும் வேலை இனிமேல் கூடத்தான் செய்யும்.

ஆகஸ்ட் உத்தரவில் இன்னொரு வரியும் கவனிக்கத்தக்கது. நாய் ஆர்வலர்கள் மாநகராட்சிக்கு விண்ணப்பித்துத் தெருநாய்களைத் தத்து எடுக்கலாம், ஆனால் எடுத்தது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு. 'சரிப்பட்டு வராவிட்டால் பழைய இடத்திலேயே விட்டுவிடுவேன்' என்று மனதின் ஓரத்தில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. முதல் தேர்வே சரியாக அமைய வேண்டிய கட்டாயம் கூடியிருக்கிறது.

வீட்டுக்கு வருவோம். நான் முதலில் பார்ப்பது கேட்டை. பயந்த நாய் தொலைவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில், அதுவும் வாசலில். கூடம் நேராகத் தெருவுக்குத் திறக்கும் வீடு ஆபத்தானது. கிரில் போட்ட தாழ்வாரம் ஒன்று, அதற்கு வெளியே கேட் ஒன்று என்று இரண்டு தடுப்பு இருந்தால் ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். கேட்டின் அடியில் உள்ள இடைவெளியைக் குனிந்து பார்க்க வேண்டும். பதினைந்து கிலோ நாட்டு நாய் நம்ப முடியாத சந்தில் நுழைந்துபோகும். நாலரை அடிச் சுற்றுச்சுவரை அது அனாயாசமாகத் தாண்டும். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரும் கவலைக்குரியது. பட்டாசுச் சத்தத்தில் மாடியிலிருந்து குதித்த நாய்கள் உண்டு.

அடுக்குமாடி வீடு கூடவே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெளிக்கதவு ஒன்றுதான் என்பதால் ஒரு வகையில் அது பாதுகாப்பு. சிக்கல் இயற்கை உபாதைக்கு வெளியே போவதில். மூன்றாவது மாடியில் இருக்கும் கூச்ச நாய் ஒவ்வொரு முறையும் லிஃப்ட் என்ற பெட்டிக்குள் அந்நியர்களோடு நிற்க வேண்டும், அல்லது படியில் சிறுவர் பட்டாளத்தை எதிர்கொள்ள வேண்டும். பயத்தில் ஒரு நாள் முழுக்கச் சிறுநீரை அடக்கும் நாய்கள் இருக்கின்றன. பால்கனியில் புல் தட்டோ மண் தட்டோ வைத்து, முதல் சில வாரம் வெளியே இறக்காமலே சமாளிக்கச் சம்மதிக்கும் குடும்பம் என்றால் மாடி வீடும் சரிதான். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வாடகை ஒப்பந்தம் வேறு விவகாரம். 'ஓனர் ஒன்றும் சொல்ல மாட்டார்' என்ற வாய்மொழியை நம்பிக் கொடுத்த நாய்கள் பதினோராம் மாதத்தில் திரும்பி வருகின்றன.

அடுத்தது துணை நாய். மற்ற அளவுகோல் எதிலாவது விட்டுக்கொடுக்கலாம், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. அமெரிக்காவின் விலங்கு வதைத் தடுப்பு அமைப்பான ஏஎஸ்பிசிஏ, கொடுமை நடந்த வளர்ப்பிடங்களிலிருந்து மீட்ட கடும் அச்சமுள்ள நாய்களுக்காக 2013இல் நியூ ஜெர்சியில் சோதனை முறையில் ஒரு மறுவாழ்வு மையத்தைத் தொடங்கி, 2018இல் வட கரோலினாவின் வீவர்வில்லில் அதை நிரந்தரமாக்கியது. அங்கே சிகிச்சை பெற்ற 441 நாய்களைப் பற்றிய ஆய்வு 2022இல் வெளியானது. அவற்றில் 86 விழுக்காடு வீட்டுக்கு அனுப்பும் அளவுக்குத் தேறின. அங்கே மனிதரிடம் நன்கு பழகிய உதவி நாய்களைப் பயிற்சியில் சேர்த்துக்கொள்கிறார்கள். காரணம் எளிது. நாய் நம்மை நம்பாது, இன்னொரு நாயை நம்பும். வீட்டு நாய் ஒருவர் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பதைத் தினமும் பார்ப்பது, நாம் கொடுக்கும் எந்தப் பயிற்சியையும்விட வேலை செய்கிறது. துணைக்கு எந்த நாயானாலும் சரி என்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓயாமல் விளையாடக் கூப்பிடும் ஒரு வயதுக் குட்டி இதன் உயிரை எடுத்துவிடும். சோற்றுக்கு உறுமும் நாயும் வேண்டாம். நடுவயதைத் தாண்டிய, நிதானமான, பிற நாய்களைப் பொருட்படுத்தாத நாயாக இருந்தால் யோகம்.

வீட்டு மனிதர்கள் விஷயத்தில் ஒரு பொது விதி சொல்வது கடினம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டை நான் தவிர்த்துவிடுவேன். குழந்தை கெட்டது என்பதற்காக அல்ல. அது திடீரென ஓடும், கத்தும், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போகும். ஒதுங்க இடமில்லாத நாய் கடிக்கும். (கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும். வீட்டு நாய்தானே என்ற சமாதானம் கூடாது.) ஓய்வுபெற்ற தம்பதியர் பல நேரம் மிகச் சரியாக அமைகிறார்கள். ஐந்து மணிக்கு எழுந்து, ஆறு மணிக்குக் காபி, ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே நாற்காலி என்று அவர்கள் நாள் அச்சில் வார்த்ததுபோல ஓடும். பயந்த நாய்க்கு வேண்டியது அதுதான்: அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருத்தல். ஆனால் அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் ஆண்டுக்கு ஆறு மாதம் போவார்களா என்பதையும் கேட்டுவிட வேண்டும். கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில் பாசத்துக்குக் குறைவிருக்காது, ஒழுங்கு மட்டும் மருந்துக்கும் இருக்காது.

தத்து விண்ணப்பப் படிவங்களில் நாற்பது கேள்வி கேட்கிறார்கள். எல்லோரும் சரியான பதிலை எழுதிவிடுகிறார்கள். அதைவிட, "காலையிலிருந்து இரவுவரை உங்கள் வீட்டில் என்னென்ன நடக்கும், சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும். பால், பேப்பர், பாத்திரம் துலக்க வரும் அம்மா, டியூஷனுக்கு வரும் பத்துப் பிள்ளைகள், மாலையில் பக்கத்து வீட்டு மாமியின் வருகை எல்லாம் வரிசையாக வந்துவிழும். டியூஷன் நடக்கும் வீடு நல்ல வீடாக இருக்கலாம், இந்த நாய்க்கு உரிய வீடு அல்ல. வீட்டைப் பார்க்கப் போகும்போது தேநீர் குடிக்கும் அரை மணி நேரத்தில் கேட் எத்தனை முறை திறக்கிறது என்பதைக் கவனித்தாலே போதும். உருகி உருகிப் பேசுபவரைவிட, "இது எங்கே சிறுநீர் கழிக்கும்? இரவில் எங்கே படுக்கும்? நான் அதைப் பார்க்காமலே இருந்தால் பரவாயில்லையா?" என்று விசாரிப்பவர் மீது எனக்கு நம்பிக்கை அதிகம்.

சரியான ஆட்கள் வர வேண்டுமானால் அறிவிப்பு உண்மையைச் சொல்ல வேண்டும். 'அன்புக்கு ஏங்கும் குழந்தை, யாராவது என்னை ஏற்றுக்கொள்வீர்களா?' என்று நாயே பேசுவதுபோல எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதைப் படித்து வருபவர் கட்டிப்பிடிக்கும் ஆசையோடு வருவார். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'பெண் நாய், சுமார் இரண்டு வயது, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தவை. இன்னும் கையில் வாங்கித் தின்னாது. தொட அனுமதிப்பதில்லை. மற்ற நாய்களோடு மிக நன்றாக இருக்கும். கழுத்துப்பட்டை கட்டி நடக்க இன்னும் பழகவில்லை. அமைதியான வீடு, வயதான நாய் ஒன்று இருந்தால் நல்லது. உங்களிடம் வர மாதங்கள் ஆகலாம்.' பத்துப் பேர் அழைப்பதற்குப் பதில் ஒருவர் அழைப்பார். அந்த ஒருவர் போதும்.

ஒப்படைக்கும் காலத்தையும் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் கூடாது. கோயில் அருகே உள்ள வீடு என்றால் ஆடி மாத ஒலிபெருக்கியையும் கணக்கில் எடுங்கள். தேர்தல் பிரசாரம் வேறு, அதற்குப் பஞ்சாங்கத்தில் நல்ல நேரமே கிடையாது. நாயைக் கொண்டுபோகும்போது உடலைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸில் ஒரு கயிறு, கழுத்துப்பட்டையில் இன்னொரு கயிறு என்று இரண்டு வேண்டும். பின்னோக்கி இழுத்தால் சாதாரணக் கழுத்துப்பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும். முகாமில் வைத்துக் கொடுப்பதைவிடப் பழகிய ஆளே புதிய வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய படுக்கைத் துணியோடு விட்டுவிட்டு வருவது நல்லது. குளிப்பாட்டி அனுப்பும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ளுங்கள். அந்த அழுக்குத் துணியின் வாசனைதான் புதிய இடத்தில் அதற்குத் தெரிந்த ஒரே பொருள்.

முதல் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்றொரு கணக்கு நாய் வளர்ப்பவர்கள் இடையே புழங்குகிறது. பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், சொந்த வீடாக நினைக்க மூன்று மாதம். இதை ஆறுதலுக்கு வைத்துக்கொள்ளலாம், காலக்கெடுவாக வைத்துக்கொள்ளக் கூடாது. உண்மையில் கூச்ச நாய் ஒன்று ஓர் ஆண்டு எடுத்துக்கொண்டாலும் வியப்பில்லை. அந்தக் காலத்தில் செய்ய வேண்டியது சொற்பம். ஓர் அறையை, அல்லது கட்டிலின் அடியை, அதற்கென விட்டுவிடுவது. அங்கே யாரும் கையை நீட்டாதிருப்பது. ஒரே நேரத்தில் உணவு வைத்து விலகிப்போவது. நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது. வேகவைத்த கோழித் துண்டைக் கையில் நீட்டாமல் தூரத்தில் வீசுவது. நாள்பட நாள்பட அந்தத் தூரம் தானாகக் குறையும். பத்து பேர் தொட்டுத் தொட்டுப் பழக்கினால் சரியாகிவிடும் என்ற யோசனையை உறவினர் யாராவது கட்டாயம் சொல்வார். அதைக் கேட்டால் நாய் பழைய நிலைக்கே திரும்பி மீண்டும் உறைந்துபோகும், நாமும் பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். அச்சம் மிகக் கடுமையாக இருந்தால் கால்நடை மருத்துவர் பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பார். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டில் இருக்கும், மனிதருக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்து நாய்க்குக் கொடுப்பது மட்டும் ஒருபோதும் கூடாது.

ஓடிவிட்டால் என்ன செய்வது என்பதை ஓடுவதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். துரத்தக் கூடாது. தெருவே திரண்டு பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இரண்டு நாளுக்கு முன் வைத்த பெயர் அதற்குத் தெரியாது. பயந்த நாய் பெரும்பாலும் அருகிலேயே நிறுத்திய காரின் அடியிலோ கட்டுமான இடத்திலோ பதுங்கி, தெரு அடங்கியதும் வெளியே வரும். அதன் படுக்கைத் துணியையும் மணக்கும் உணவையும், கருவாடு என்றால் இன்னும் உத்தமம், கேட்டருகே வைத்துவிட்டுப் பழகிய ஆளையும் துணை நாயையும் அழைத்து வருவதுதான் வழி. கழுத்தில் தொலைபேசி எண் எழுதிய வில்லையும் உடலில் மைக்ரோசிப்பும் இருந்தால் கண்டெடுப்பவர் அழைக்க முடியும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். 2025இன் இறுதியில் உரிமம் இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் மாநகராட்சி அறிவித்தது. நாயைக் கொடுப்பவரே முதல் வாரத்தில் கூட இருந்து இதை முடித்துக்கொடுத்தால் வேலை மிச்சம்.

இவ்வளவு பார்த்தும் சில வீடுகள் அமையாமல் போகும். அப்போது நாய் யாரிடம் திரும்ப வேண்டும் என்பது தத்து ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். திருப்பிக் கொடுப்பவர்களை வசைபாடும் பழக்கம் நம் மீட்பு வட்டாரங்களில் இருக்கிறது. அதன் விளைவு, அடுத்தவர் வெட்கப்பட்டு நாயைத் தெரிந்தவருக்குக் கைமாற்றிவிடுகிறார், அல்லது கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டுத் தொலைந்துபோனதாகச் சொல்கிறார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அங்கே அது எங்கே படுத்தது, யாரிடம் முதலில் வந்தது, எந்தச் சத்தத்துக்கு எழுந்தது, எப்போது முதன்முதலாக ஆள் பார்க்கச் சாப்பிட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காப்பகத்தில் ஓர் ஆண்டு வைத்திருந்தாலும் கிடைக்காத விவரங்கள் அவை. அடுத்த அறிவிப்பை அவற்றை வைத்துத்தான் எழுத வேண்டும்.